எக்ஸ்டெண்டர் போட்ட பிறகும் வைஃபை ஏன் மெதுவாக இருக்கிறது?

எக்ஸ்டெண்டர் புதிதாக இணையம் தருவதில்லை, ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஒரே அலைவரிசையில் வாங்குவதும் கொடுப்பதும் மாறி மாறி நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு பேருக்கு நடுவே நின்று ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவருக்குச் சொல்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கேட்கும்போது அவரால் பேச முடியாது, தூரத்தில் நின்றால் பாதி காதிலேயே விழாது.

முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே குறைவென்றால் எக்ஸ்டெண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சரி, அங்கே நன்றாக வருகிறதா? அப்படியானால் எக்ஸ்டெண்டரை சிக்னல் செத்துப்போன அறையில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். முடிந்தால் ரவுட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு ஈத்தர்நெட் கேபிள் (இணையத்துக்கான வயர்) இழுத்துவிடுங்கள், இதைவிட நல்ல தீர்வு இல்லை.

போனில் கோடுகள் முழுதாகத் தெரிந்தால் வேகமும் முழுதாக வரும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் அவை போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே காட்டுகின்றன.