பொங்கல் லீவும் முயல் வேட்டையும்

கேள்வி: பொங்கல் லீவுக்கு வந்த என் அண்ணன் மகன்கள் நண்பர்களோடு ராத்திரி ஹெட்லைட்டும் ஏர்கன்னும் (காற்றுத் துப்பாக்கி) எடுத்துக்கொண்டு முயல், கவுதாரி வேட்டைக்குப் போய், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். வனத்துறையிடம் சொல்வோம் என்று ஊரில் சிலர் மிரட்டுகிறார்கள். ஆடு, கோழி தின்கிறவர்களுக்கு ஒரு முயலுக்காக ஏன் இவ்வளவு கோபம்? நம் பாட்டன் பூட்டன் செய்யாததா?
– திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: கறி தின்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பசிக்காகப் போனார்கள் என்று நீங்களே எழுதவில்லையே, பொழுதுபோக்கத்தானே போனார்கள்!

உங்கள் பாட்டன் கம்போடும் நாயோடும் வெயிலில் ஓடியிருப்பார், பாதி நாள் முயல்தான் ஜெயித்திருக்கும். இவர்கள் ஹெட்லைட்டைக் கண்ணில் அடிக்கிறார்கள், கண் கூசி அது அப்படியே உறைந்து நிற்கிறது. கவுதாரி ராத்திரியில் முள்மரத்தில் கூட்டமாக அடையும், லைட் அடித்து ஒவ்வொன்றாகச் சுட்டு இறக்கிவிடலாம். இதில் என்ன வீரம் இருக்கிறது? ஏர்கன் குண்டு பட்ட பறவையெல்லாம் உடனே விழுந்துவிடாது, வயிற்றில் வாங்கிக்கொண்டு பறந்துபோய் எங்கோ வேலியோரம் ஈ மொய்க்கக் கிடந்து சாகும், அது எந்த ஸ்டேட்டஸிலும் வராது. நம் காட்டு முயல் வளை தோண்டாது. குட்டிகளைப் புல்லுக்குள் விட்டுவிட்டு மேயப் போய், இடையில் வந்து பால் கொடுக்கும். சுட்டது தாய் என்றால் அந்தக் குட்டிகளின் கதி?

சரி, சட்டம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் முயலும் இருக்கிறது, கவுதாரியும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுவதையே 1991-இல் எடுத்துவிட்டார்கள். கண்ணி வைத்தாலும், சுட முயன்று தவறவிட்டாலும் அது வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சின்ன ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பார்கள், அது வைத்திருப்பதற்குத்தான், வேட்டையாடுவதற்கு இல்லை.

பாட்டன் பூட்டன் என்றால் வேடந்தாங்கல்காரர்களுக்கும் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே வாங்கி வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெருமை பேச இந்தப் பாட்டன்கள் போதாதா?

ஊர்க்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் இன்னும் புகார் கொடுக்காமல் இருப்பதே பெரிய விஷயம். வீடியோவை அழித்தால் முடிந்தது என்று விட்டுவிடவும் வேண்டாம். ஏர்கன் வீட்டில்தானே இருக்கும்? அடுத்த லீவுக்குப் பிள்ளைகள் வருவதற்குள் அதை அப்புறப்படுத்துங்கள், உங்கள் அண்ணனிடமும் நேரில் பேசுங்கள்.