ஐப்பசியில் மேப்பிள் இலை

அன்புள்ள சார்,

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் 'ஆட்டம் சீசன்' படம் வரைந்து வரச் சொன்னார்கள். செல்போனைப் பார்த்து, சிவப்புச் சிவப்பாக மேப்பிள் இலை விழுவதை அழகாக வரைந்தாள். முடித்துவிட்டு, "இந்த மரம் எங்கம்மா இருக்கு? போய்ப் பாப்பமா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாசலில் நிற்கும் வேம்பும் புங்கையும் பச்சைப் பசேல் என்றிருக்கின்றன. நம் ஊருக்கு அந்தப் பருவமே கிடையாதா? கண்ணில் படும் செடி, பறவைகளை நோட்டில் வரைந்துவைக்கும் பழக்கம் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அவளையும் அதில் பழக்க ஆசை. ஆனால் எனக்கு ஒரு நேர்கோடு போட வராது. எங்கிருந்து தொடங்குவது?

ம.,
திருநகர், மதுரை

அன்புள்ள ம.,

'ஆட்டம்' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நம் பக்கம் ஆட்டம் என்றால் கரகாட்டம்தான். பாடப்புத்தகத்தில் இதை 'இலையுதிர்காலம்' என்று போட்டிருப்பார்கள். குழப்பமே அந்தச் சொல்லால்தான். பெயர்த்தவர் மரத்தைப் பெயர்த்தார், மாதத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

ஐரோப்பாவில் அக்டோபர், நவம்பரில் பகல் சுருங்கும், குளிர் ஏறும். மரம் இலையிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இலையைக் கழற்றிவிடும். லண்டனில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். மதுரையில் அது 1 மணி 10 நிமிடம் போல. உங்கள் வாசல் வேம்புக்குப் பகல் குறைவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பயம் வறட்சிதான். மாசி, பங்குனியில் கொட்டும். நம்மூர் இலையுதிர்காலம் அதுதான்.

அப்படியானால் அக்டோபர், நவம்பரில் நம்மிடம் என்ன இருக்கிறது? ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் ஆட்கள் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பது இந்த மாதங்களைத்தான். அங்கே மரமெல்லாம் ஒடுங்குகிற நேரத்தில் இங்கே காய்ந்து கிடந்ததெல்லாம் எழுந்து வருகிறது.

மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள். துணி காயப்போடும் கொடியை வரையச் சொல்லுங்கள். ஆடிக்காற்றில் துணி கிழக்கே பறக்கும். வாடை திரும்பியதும் அதே துணி எதிர்ப்பக்கம் அடிக்கும். ஒரு கோடு, நாலு துணி, ஓர் அம்புக்குறி. வளைந்த கோடாக இருந்தாலும் பரவாயில்லை, கொடி வளைந்துதானே தொங்கும்? கீழே தேதி போடுங்கள். தேதி இல்லாத படம் எனக்குப் பிடிக்காது.

அடுத்து, திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய். உங்களுக்குப் பக்கம். வாரம் ஒருநாள், கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் நிற்கும் ஒரே மரத்தை வரையுங்கள். மரம் மாறாது, தண்ணீர்க்கோடு மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறும். எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு கருவேல மரத்தை நான் இப்படி வரைந்தேன். ஐந்தாவது படத்தில் கவை மூழ்கிவிட்டது. ஆறாவதில் உச்சிக் கிளையில் நாலு நீர்க்காகம் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. ஏழாவது வாரம் கண்மாய் மறுகால் பாய்ந்தது. நான் வழக்கமாக உட்காரும் கல்லையே காணோம். அந்தப் பக்கத்தில் தேதி போட்டு, 'கல் முங்கிவிட்டது' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மகள் சிவப்பு கேட்டால் செங்காந்தளைக் காட்டுங்கள். கார்த்திகைப் பூ என்பார்களே, நம் மாநில மலர். விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகச் சிவக்கும். அழகர்கோவில் பக்கம் வேலிகளில் இதை இருபது வருஷமாகப் பார்த்து வந்தவன் நான். ஒருநாள் வரைய உட்கார்ந்தேன். ஆறு இதழும் பின்னோக்கி மடிந்து தீக்கொழுந்து மாதிரி நெளிவதை ஒருவழியாகக் கொண்டுவந்துவிட்டேன். நடுவில் செம்பருத்திக்குப் போடுவதுபோல ஒரு தண்டை நேராக இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பூவில் அது அடியிலேயே ஒடித்துவிட்டதுபோலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பூவில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்த பூவைப் பார்த்தேன். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்து ஏறுகிறது என்பதையும் அன்றுதான் கண்டேன். இருபது வருஷம் எதைப் பார்த்தேனோ! (செடி முழுக்க விஷம், கிழங்கு இன்னும் மோசம். கண்ணால் பார்த்து வரையட்டும், பறிக்க வேண்டாம்.)

ஓடுவதையும் பறப்பதையும் வரைவது வேறு வித்தை, எனக்கே சரியாக வராது. தட்டான் உட்கார்ந்தால் இறக்கையை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடக்கிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் அவள் பிடித்தால் போதும். மழைக்கு முன் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான்களில் ஒரு வகை, இதே மாதங்களில் மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சின்ன வயதில் அதன் வாலில் நூல் கட்டியவன் நான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வரும். விடியலிலும் பொழுது சாயும்போதும் சீட்டியடிப்பதால் அந்தப் பெயர். சருகுக்குள் தத்தித் தத்தி ஓடும், ஐந்து விநாடி நிற்காது. என் நோட்டில் அதற்கான பக்கத்தில் ஒரு குட்டை வால் மட்டும் இருக்கிறது.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அரிட்டாபட்டி, அங்கே கூட்டிப்போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போகலாம், அழகான இடம். ஆனால் முதல் நாளே வேண்டாம். அத்தனை குன்றையும் பறவையையும் ஒன்றாகப் பார்த்தால் பிள்ளை எதையும் வரையாது, போட்டோதான் எடுக்கும்.

கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று. மை பேனா வேண்டாம், ஒரு தூறலில் பக்கமே அழிந்துவிடும். வாட்டர் கலர் இந்த ஈரத்தில் லேசில் காயாது. ரப்பர் வாங்கித் தராதீர்கள். நான் தப்பாகப் போட்ட அந்தக் காந்தள் தண்டை அன்று அழித்திருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல விஷயம் இருந்திருக்காது.

மேப்பிள் படத்தை அப்படியே பத்திரமாக வையுங்கள். மார்கழி, தையில் தெருவில் எங்காவது வாதாம் மரம் இருக்கிறதா பாருங்கள். உதிரும் முன் அந்த இலையும் நன்றாகச் சிவக்கும். விழுந்த இலை ஒன்றைப் பொறுக்கி நோட்டில் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலை ஓட்டுங்கள். அதில் நேர்கோடே கிடையாது; உங்களுக்கும் வரும்.