ஃப்ராடு, சீட்டிங், ஃபோர்ஜரி: மூன்றும் ஒன்றுதானா?

பேச்சில் மூன்றையும் கலந்துகட்டித்தான் சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒருவர் சமவெளிப் பூண்டைக் குவித்துவைத்து, "பூம்பாறை மலைப்பூண்டுங்க" என்று விற்கிறார் என்று வையுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, விலையும் கூடுதல். நம்பிக் காசைக் கொடுத்துவிட்டீர்கள். பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யாலேயே பணத்தை வரவழைத்தால் சீட்டிங். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவுதான், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). அதற்காக "ஃபோர்ட்வென்டி" என்று திட்டுவதை யாரும் விடப்போவதில்லை!

அதே ஆள் புவிசார் சான்றிதழைப் போலியாகத் தயாரித்துக் கடையில் மாட்டினால் ஃபோர்ஜரி.

விற்றுத் தரச் சொல்லி விவசாயி ஒப்படைத்த மூட்டையை விற்றுக் காசை அமுக்கினால் அது நம்பிக்கை மோசடி. இதில் முதலில் பொய்யே சொல்லியிருக்க வேண்டியதில்லை. சீட்டிங் என்றால் காசை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் கடனைத் திருப்பித் தராதவர் மீதெல்லாம் 420 போட முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஃப்ராடு? எல்லா வகைப் பித்தலாட்டத்துக்கும் பொதுப்பெயர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு அதற்குத் தனி விளக்கம் தருகிறது.