அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், உங்கள் அணியைவிடப் பலமான அணியோடு ஒப்பிட்டுப் பார்த்து வயிறு எரிந்ததுண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற அணியைப் பார்த்து இல்லை.

நான் எம்.எஸ். படித்தது இந்தியானா மாநிலத்தில், பர்டியூவில். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம் என்றால் ஊரில் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கால்பந்து அணி என்றால் எங்களுக்கே சிரிப்பு வரும். (காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கக் கால்பந்து.)

நாங்கள் இருப்பது பிக் டென் பிரிவில். அங்கே ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் இரண்டும் யானைகள். இரண்டு பேர் மைதானத்திலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், எங்கள் ராஸ்-ஏட் மைதானத்தில் அறுபதாயிரம் சொச்சம். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடுகிற பையன்களை அவர்கள் அள்ளிக்கொண்டு போனபிறகு மிச்சம் மீதி எங்களுக்கு. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அம்பானி வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து யார் வயிறு எரிகிறது?

எப்போதாவது யானைக்கும் அடி சறுக்கும். 2018 அக்டோபர் 20, சனிக்கிழமை ராத்திரி. ஒஹையோ ஸ்டேட் அப்போது தரவரிசையில் 2-ஆம் இடம். நாங்கள் அந்த சீசனை மூன்று தோல்வியோடு ஆரம்பித்தவர்கள். அதில் ஒன்று ஈஸ்டர்ன் மிச்சிகன் என்கிற சின்ன அணியிடம் (மிச்சிகன் வேறு, இது வேறு) 19-20. டைலர் ட்ரெண்ட் என்று எங்கள் மாணவர் ஒருவர், எலும்புப் புற்றுநோய் முற்றிய நிலையிலும், பர்டியூதான் ஜெயிக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார். பாவம், ஆசையில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ரூம்மேட் இழுத்ததால் போனேன். கூட்டமே நின்றுகொண்டிருந்தது, குளிரில் கால் விரல் மரத்துப்போனது. ரோண்டேல் மூர் என்ற முதல் வருடப் பையன் 12 பந்தைப் பிடித்து 170 யார்டு ஓடினான். கடைசிப் பக்கம் ஒருமுறை, இவனைப் பிடித்துவிட்டார்கள் என்று நான் கண்ணைத் தாழ்த்தி நிமிர்வதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தான். 49-20. வேலி தாண்டி எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினோம். ஒரு கையுறை அங்கேயே போனது. அந்த சீசனில் ஒஹையோ ஸ்டேட் தோற்றது அந்த ஓர் ஆட்டம்தான். ட்ரெண்ட் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதி இறந்துபோனார்.

அப்புறம் ரசிகர்களின் வழக்கமான கணக்கு தொடங்கியது. ஈஸ்டர்ன் மிச்சிகன் எங்களை 1 புள்ளியில் ஜெயித்தது. நாங்கள் ஒஹையோ ஸ்டேட்டை 29 புள்ளியில் ஜெயித்தோம். அவர்கள் நவம்பரில் மிச்சிகனை 62-39 என்று அடித்தார்கள். ஆக, ஈஸ்டர்ன் மிச்சிகன் மிச்சிகனைவிட 53 புள்ளி பெரிய அணி! இன்ஜினியரிங் படித்தவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போட்ட கணக்கு இது. டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழக அணி எங்களை 63-14 என்று வெளுத்ததும் கணக்கு நோட்டை மூடினோம்.

வயிறு எரிவது பங்காளியைப் பார்த்துத்தான். எங்கள் பங்காளி ப்ளூமிங்டனில் இருக்கிற இந்தியானா பல்கலைக்கழகம், காரில் இரண்டு மணி நேரம். 1925-லிருந்து வருஷக் கடைசியில் ஒரு பழைய ஓக் மர வாளிக்காக அடித்துக்கொள்கிறோம், அதுதான் கோப்பை. ஜெயித்தவர்களின் ஆங்கில முதல் எழுத்து வாளிச் சங்கிலியில் ஏறும், ‘ஐ’ அல்லது ‘பி’. முதல் ஆட்டமே 0-0 என்று முடிந்ததால் அந்த வருஷம் இரண்டும் சேர்ந்து தொங்குகிறது. வெகுகாலம் எங்கள் ஒரே ஆறுதல், அவர்கள் எங்களைவிட மோசம் என்பதுதான். 2023-லும் 35-31 என்று நாங்களே ஜெயித்தோம்.

அந்தத் தோல்வியோடு அவர்கள் பயிற்சியாளரை மாற்றினார்கள். ஜேம்ஸ் மேடிசன் என்கிற சின்ன அணியிலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார், கூடவே அங்கே ஆடிய பையன்கள் ஒரு கூட்டத்தையும் கூட்டிவந்தார். இப்போது ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவது சுலபம், 2021-லிருந்து விளம்பரக் காசும் வாங்கலாம். அடுத்த வருஷமே வாளி ஆட்டத்தில் 66-0. 2025-ல் 56-3. 2026 ஜனவரியில் மயாமி பல்கலைக்கழக அணியை 27-21 என்று ஜெயித்து தேசிய சாம்பியன்.

என் எரிச்சல் புரிகிறதா? சின்ன ஊர், கூடைப்பந்துக் கல்லூரி, நல்ல பையன்கள் வரமாட்டார்கள் என்று இத்தனை வருஷம் நாங்கள் சொன்ன சாக்கு ஒவ்வொன்றும் அவர்களுக்கும் பொருந்தும். இரண்டே வருஷத்தில் எல்லாச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த 56-3 ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். என் பக்கத்து சீட்டில் இந்தியானாவின் சிவப்புச் சட்டை போட்ட பெரியவர், பேத்தியோடு. எங்களுக்கு அந்த 3 புள்ளி விழுந்தபோது எழுந்து நின்று கத்தினேன். அவரும் கைதட்டினார். அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.