மேட்டுத் தொட்டியும் பள்ளத்துக் குழாயும்: கேள்வி பதில்

குன்னூரில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர், காற்று, வண்டி, இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி: சார், மேலே ஊற்றிலிருந்து கேரட் தோட்டத்துக்கு 4 கிலோ பைப் (சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் தாங்குவது) இழுத்தேன். தண்ணீர் ஓடும்போது ஒன்றுமில்லை. வால்வை மூடினால் வெடிக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஊற்றுக்கும் வால்வுக்கும் நேர் உயரம் எவ்வளவு? பைப்பின் நீளத்தைக் கேட்கவில்லை. 10 மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். 60 மீட்டர் இறக்கத்துக்கு 6 கிலோ. அங்கே 4 கிலோ பைப்பைப் போட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டக்கூடாது. ஓடும் தண்ணீரின் அழுத்தத்தில் ஒரு பங்கை வழியிலேயே உராய்வு தின்றுவிடும். மூடியதும் ஓட்டம் இல்லை, உராய்வும் இல்லை, முழு அழுத்தமும் வால்வில் வந்து உட்காரும். வெடுக்கென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் மொத்தமும் அதன்மேல் முட்டும். மெதுவாக மூடுங்கள். பாதி வழியில் மூடாத சின்னத் தொட்டி ஒன்று கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு மறுபடி பைப்பில் எடுங்கள். அழுத்தம் அங்கே சுழியாகி, புதிதாக எண்ணத் தொடங்கும்.

உயரம் அழுத்தமாக மாறும் இந்த வித்தையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் நம் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1932 முதல் ஓடுகிறது. தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல். உராய்வை மறந்துவிட்டால் அந்த உயரம் தண்ணீருக்குத் தரும் வேகம் மணிக்கு 470 கிலோமீட்டரைத் தாண்டும். அதுதான் மின்சாரம் எடுக்கச் சுழலும் சக்கரத்தின் கிண்ணங்களில் போய் அறைகிறது.

அருவங்காடு: ஓஸ் பைப் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் போகிறதே. வழி குறுகினால் வேகம் கூடும் என்பதால்தானே?

பதில்: பாதி சரி. அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே ஒல்லியான ஓஸ் போட்டால் இன்னும் தூரம் போக வேண்டுமே, போகிறதா? விரல் வைத்ததும் ஓஸ் முழுக்க ஓட்டம் குறைகிறது, உராய்வில் போன அழுத்தம் மிஞ்சுகிறது. மிஞ்சியது விரலுக்குப் பின்னால் சேர்ந்து பீய்ச்சுகிறது.

ஊட்டி: பைப்பை அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்சாக மாற்றினால் பிரஷர் கூடுமா?

பதில்: குழாயை மூடி வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அழுத்தம். திறந்தால் ஒரு இஞ்சில் சுமார் ஆறு மடங்கு தண்ணீர் வரும். அழுத்தம் வேறு, அளவு வேறு.

கொடைக்கானல்: பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது சார்.

பதில்: ஊட்டியிலும் அதே கதைதான். மலைமேல் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவி கூடுமே தவிரச் சூடு கூடாது. குக்கர் வையுங்கள், ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

எடப்பள்ளி: போர் எங்கே போடலாம்?

பதில்: நிலத்தடி நீர் பார்க்கிறவரைக் கேளுங்கள்.

மசினகுடி: கல்லட்டி இறக்கத்தில் நியூட்ரலில் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள்.

பதில்: உயிர் மிச்சமாகாது. 1500 கிலோ வண்டி 1000 மீட்டர் இறங்கினால் வெளியேறும் ஆற்றலில் ஏறத்தாழ 48 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நியூட்ரலில் வந்தால் அதில் பெரும்பங்கு பிரேக்கில்தான் இறங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில் 140 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கக்கூடும். திரவம் நசுங்காது, அதனால்தான் பெடல் வேலை செய்கிறது. ஆவி நசுங்கும். அப்போது பெடல் தரையோடு போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

கேத்தி: தொட்டித் தண்ணீர் 8 மீட்டர் மேட்டில் ஏறித் தாண்டி, மோட்டார் இல்லாமல் மறுபக்கம் இறங்கட்டும் என்று சைபன் பைப் போட்டேன். வெளிமுனை தொட்டியைவிட நல்ல பள்ளத்தில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் தம்பிக்கு ஓடுகிறது, எனக்கு நிற்கிறது.

பதில்: உங்கள் உயரத்தில் காற்றால் தாங்க முடிந்த தண்ணீர்த் தூணே சுமார் 8 மீட்டர்தான். மேட்டு உச்சியில் தூண் அறுந்து ஆவி நிரம்பிவிடும். கீழே 9 மீட்டருக்கு மேல் தாங்கும். நீங்கள் ஆறு மீட்டருக்குள் பாருங்கள்.

கேத்தி: அப்படியானால் சைபனை ஓட்டுவதே காற்றுதான்!

குன்னூர் மாணவர்: இல்லை ஐயா, ஈர்ப்பு விசைதான். நீளமான பக்கம் சங்கிலி மாதிரி மறுபக்கத்தை இழுக்கிறது.

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். வெளிமுனையைத் தொட்டி நீர்மட்டத்துக்குத் தூக்குங்கள், ஓட்டம் நின்றுவிடும். காற்று எங்கேயும் போகவில்லையே. அதனால் ஓட்டுவது உயர வித்தியாசம், அதாவது ஈர்ப்பு. தம்பி, உங்கள் சங்கிலியும் அறுந்துவிடும். தொட்டிப் பக்கக் காலைப் பருத்த பைப்பாகவும் வெளிக்காலை ஒல்லியாகவும் போடுங்கள். எடை தொட்டிப் பக்கம் கூடும். சங்கிலியாக இருந்தால் திரும்பி ஓட வேண்டும், தண்ணீரோ பள்ளத்துக்கே ஓடும். எடையில் ஒன்றுமில்லை, உயரத்தில்தான் இருக்கிறது. காற்றின் வேலை தூண் அறாமல் நெருக்கிப் பிடிப்பது.

கேத்தி: பிடிக்காவிட்டால் ஓடாதே, அப்போ ஓட்டுவது அதுதானே?

பதில்: கூரையைத் தூண் தாங்குகிறது என்பதால் தூண்தான் மழையைப் பெய்விக்கிறதா?

வெலிங்டன்: சார், தொட்டியை அகலமாகக் கட்டினால் பிரஷர் கூடுமா?

பதில்: உயரம்.

குன்னூர்: தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தால்?

பதில்: மட்டம் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு. மேலே போய்ப் படியுங்கள்.

கூடலூர்: பைக்குக்கு நியூட்ரல் பரவாயில்லையா?

பதில்: இல்லை.

கேத்தி: என்ன இருந்தாலும் சைபன் காற்றால்தான் சார்.

பதில்: ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். வாளி என்னிடம் இருக்கிறது, பைப் உங்களுடையது.