வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மூப்பன் சொன்னால் போதுமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எந்த அளவில் பொருந்துகிறது என்று அறிய எங்கள் மருத்துவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கவிருக்கிறார்கள். பணியர், முள்ளுக்குறும்பர் பழங்குடியினரின் ஊர்களில் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. “ஊர்த் தலைவரான மூப்பனிடம் சொல்லிவிட்டால் ஊரே கையெழுத்துப் போட்டுவிடும்” என்கிறார்கள். அது சரியா? சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூப்பனிடம் முதலில் போவதுதான் மரியாதை. ஆனால் அவர் சம்மதிப்பது நீங்கள் ஊருக்குள் வருவதற்கே தவிர, இன்னொருவரின் உடலில் மருந்து செலுத்துவதற்கு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் சமூகத் தலைவரின் அனுமதி தனி நபரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்றே சொல்கின்றன. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோர் அறியாமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். அத்திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது; 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

இதைப் படித்துவிட்டு, பழங்குடி மக்களே வேண்டாம் என்று ஆய்வை ஊட்டியிலோ கோவையிலோ வைத்துக்கொள்வதும் அநீதிதான். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1952-இல் பதிவானபோது, நீலகிரிப் பழங்குடியினர் அதில் இடம்பெற்றிருந்தார்கள். ஆனால் இந்த மாத்திரையின் பயனை நிலைநாட்டிய, 1995-இல் வெளியான ஆய்வு வட அமெரிக்காவில் 299 பேரிடம் நடந்தது. இந்த மாத்திரை வேலை செய்வதே, நோயின் கடுமையைத் தணிக்கும் கரு ஹீமோகுளோபினை (கருவிலுள்ள குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் வகை) கூட்டித்தான். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் நோய் வகையில் அது பொதுவாக ஏற்கெனவே அதிகம் என்பதால், அங்கே கண்ட அளவு இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நோய் யாருக்கு இருக்கிறதோ அவர்களிடமே மருந்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் உங்கள் பொறுப்பு பெரியது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவுவரை உடனிருந்து கையொப்பமிட வேண்டும் என்பது விதி. விதிக்கு அப்பாலும் ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பாடியில் (பழங்குடிச் சிற்றூரில்) நான் படிவத்தை வாசித்து முடித்ததும், ஒரு பாட்டி மை தடவிய பெருவிரலைத் தாளுக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்திக்கொண்டு, “இந்த ரத்தம் எங்கே போகும்?” என்று கேட்டார். நான்கு பக்கப் படிவத்தில் அதற்கு விடை இல்லை. அவர் ஊர்ப் பெண்ணொருத்தி அருகில் உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டு வந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது. அத்தகைய ஒருவரை ஊதியம் கொடுத்து ஆய்வுக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்குவது ஒரு நாளும் கையெழுத்து வாங்குவது வேறொரு நாளுமாக இருக்கட்டும். இடைப்பட்ட இரவில் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் கருத்தடை பற்றி, கணவரோ மாமியாரோ இல்லாமல் தனியாகப் பேச இடம் வேண்டும். இருபது வீடுகள் உள்ள ஒரு பாடியில், நோயுள்ளவர் இன்னார் என்று தெரிந்தால் அவர் தங்கையின் திருமணப் பேச்சே நின்றுபோகும்; எனவே அறிக்கையில் ஊர்ப் பெயர் கூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிற்பதைப் பற்றி: தொடக்கத்தில் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னால், இலை பறிக்கும் கூலி அன்றைக்குப் போய்விடும். பேருந்துச் செலவு வேறு. அந்த இழப்பை ஈடு செய்வது ஆசை காட்டுவதாகாது. ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளலாம். ஜூன், ஜூலை மழையில் பாதை அறுந்துபோகும் ஊர்களுக்கு நீங்களே ஜீப்பில் சென்று மாதிரி எடுக்கத் தேதி குறியுங்கள்; மாலையில் யானை இறங்கும் வழிகளில் காலை நேரத்தை மட்டும் வையுங்கள். கடும் பாதிப்பு எதுவானாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த விதி நடைமுறைக்கு வரும். விலகுகிறவர் விலகட்டும், அவருக்கு வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. பதிவேட்டில் அவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதாதீர்கள், அவர் சொன்ன காரணத்தை எழுதுங்கள்.

கேள்வி: கோத்தகிரி அருகே இருளர் ஊரைச் சேர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரிடம் ஆய்வுக்கென்று ரத்தம் எடுத்தார்கள். முடிவைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு, தம்பி. அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதி ஆய்வாளருக்கும், அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்கும் அனுப்புங்கள். மருந்துப் பரிசோதனையாக இருந்தால், 2009 ஜூன் 15 முதல் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம்; அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், தொடர்புக்கு உரியவரின் பெயரும் அங்கே இருக்கும். மாதிரி மிச்சம் இருக்கிறதா, வேறு எதற்கும் பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கெனக் கொடுத்த ரத்தம் அவர்களைக் கேட்காமல் வேறு ஆய்வுகளுக்குப் போயிற்று. வழக்கு நடத்தி, 2010-இல் மிச்ச மாதிரிகளைத் திரும்பப் பெற்று ஊருக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் அம்மாவின் மாதிரியில் அவரை அடையாளம் காட்டும் எண் இன்னும் இருந்தால், அதை அழித்துவிடச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.