"பற்றரிக்கு வொறண்டி இல்லை" என்கிறார் முதலாளி. பழுது பற்றரியில்தானா?

கேள்வி: வணக்கம் ஐயா. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எனக்கு இரண்டு ஏக்கர் வயல். யானைக் காவலுக்கென்று சொல்லித்தான் நவம்பர் 10ஆம் திகதி கிளிநொச்சியில் ஒரு கடையில் தலையில் கட்டுகிற ரோச் ஒன்று 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இரண்டு பற்றரி, ஒவ்வொன்றிலும் 9900 எம்ஏஎச் என்று அடித்திருக்கிறது. முதல் மாதம் விடியும்வரை எரிந்தது. இப்போது நடுச்சாமத்திலேயே மங்கிவிடுகிறது. கழற்றி மச்சானின் சார்ஜரில் போட்டுப் பார்த்தால் ஒன்று காலி, மற்றது அப்படியே நிறைந்திருக்கிறது. ரோச்சிலேயே வயரைக் குத்திச் சார்ஜ் போட்டாலும் ஒன்றுதான் ஏறுகிறது. ஒன்றைக் கழற்றினாலும் ரோச் எரிகிறது. பில்லின் பின்பக்கம் "3 மாதம்" என்று முதலாளியே பேனையால் எழுதித் தந்தவர். இப்போது கேட்டால், "பற்றரிக்கு வொறண்டி இல்லை, வேறு சார்ஜரில் போட்டு நீங்கள்தான் பழுதாக்கினீர்கள், ஒரு பற்றரி வாங்கிப் போடுங்கள்" என்கிறார். போன கிழமை ரோச் நின்ற இரவில் யானை இறங்கி வயலில் ஒரு பகுதி போய்விட்டது. பொலிசுக்குப் போகலாமா? வயல் நட்டத்தையும் அவரிடம் கேட்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பொலிசில் இதற்கு வேலை இல்லை. நீங்கள் போகவேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு பெப்ரவரி 10ஆம் திகதிக்கு முன்னரே முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கொழும்பிலிருந்து சாமான் வரட்டும், அடுத்த கிழமை வாருங்கள்" என்று முதலாளி இழுத்தடிக்கிற நாட்களும் அந்தக் கணக்குக்குள்ளேதான் கழியும்.

அதற்கு முன்னர் ஒரு காரியம். முதலாளியின் வாதம் முழுவதும் பழுது பற்றரியில் என்பதில்தான் நிற்கிறது. நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள் போலத் தெரிகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்றைக் கழற்றினாலும் ரோச் எரிகிறதென்றால் இரண்டு பற்றரியும் பக்கம் பக்கமாக, சமாந்தரமாக இணைக்கப்பட்டவை. அப்படி இணைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே ஏறும். ஒன்று காலியாகிற நேரத்தில் மற்றது நிறைந்தபடி கிடந்தால், கிடக்கிற பற்றரிக்கும் ரோச்சுக்கும் இடையில் தொடுப்பு இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கும். ஆக, பாதி இரவில் தீர்ந்துபோகிற பற்றரி தனியே நின்று இரண்டு பேரின் வேலையைச் செய்கிறது. எல்லோரும் குறைசொல்வதும் அதைத்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். பற்றரிகளில் பேனையால் அ, ஆ என்று எழுதுங்கள். இரண்டையும் முழுதாக நிறைத்து, இடம் மாற்றிப் போட்டு ஒரு இரவு பாவியுங்கள். முன்பு தீர்ந்த அதே பற்றரி மறுபடி தீர்ந்தால் பற்றரியில் சந்தேகம். பற்றரி மாறினாலும் அதே பக்கம் இருப்பதுதான் தீர்கிறதென்றால் பழுது ரோச்சில். அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பற்றரியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எரியாவிட்டால் கதை முடிந்தது. அதைக் கைபேசியில் வீடியோ எடுங்கள், பில்லும் அதில் தெரியட்டும். ரேடியோ திருத்துகிற கடையில் மீற்றர் வைத்து அளப்பிக்கவும் முடியும். இந்தவகை லிதியம் பற்றரி நிறைந்தால் 4.2 வோல்ற் காட்டும். 3 வோல்ற்றுக்குக் கிட்ட வந்தால் காலி. இரண்டு எண்ணையும் திகதியோடு ஒரு தாளில் எழுதி, திருத்துபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ரோச்சின் உடலைத் திறக்கவேண்டாம். ஒரு ஸ்குரூ கழன்றிருந்தாலும் "உள்ளே கைவைத்தது இவர்தான்" என்பார்கள்.

பழுது ரோச்சில் என்று தெரிந்துவிட்டால் "பற்றரிக்கு வொறண்டி இல்லை" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. பில்லில் எழுதிய மூன்று மாதம் ரோச்சுக்குத்தானே? அச்சடித்த வொறண்டி அட்டை வேண்டும் என்பதில்லை. வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதம் மட்டுமல்ல, குறிப்பால் கொடுத்ததும் 13ஆம் பிரிவுக்குள் வருகிறது. பேனையால் எழுதிய "3 மாதம்" தாராளமாகப் போதும். பழுது பற்றரியில் என்றே வந்தாலும் நீங்கள் தோற்கவில்லை. ஒரே பெட்டியில், ஒரே விலைக்கு, பற்றரியோடுதான் அதை விற்றார். பற்றரி தவிர்ந்தது என்று பில்லில் எங்கேயும் இல்லை.

சார்ஜர் விஷயத்தில் அவர் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். மச்சானின் சார்ஜர் இந்தவகைப் பற்றரிக்கென்றே செய்த, 4.2 வோல்ற்றில் தானாக நிற்கிற சார்ஜரா என்று பார்த்து, அதையும் படமெடுத்து வையுங்கள். அது சரியானதென்றால் பயமில்லை. எந்தச் சார்ஜரும் ரோச்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்தாது என்பதையும் விசாரணையில் சொல்லலாம். புதிதாக ஒரு பற்றரியை மட்டும் வாங்கிப் போடச் சொன்னாரே, அதைச் செய்யவே வேண்டாம். நிறைந்ததும் காலியானதுமாகப் பழையதையும் புதியதையும் சமாந்தரமாகப் போட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரே பாய்ச்சலாக மின் ஓடும். லிதியம் பற்றரி சூடாகித் தீப்பிடிக்கிற வழிகளில் இதுவும் ஒன்று. தலையில் கட்டுகிற சாமான் என்பதை மறக்கவேண்டாம்.

இனி அந்த 9900. எம்ஏஎச் என்பது பற்றரி எவ்வளவு மின்னைத் தேக்கிவைக்கும் என்பதன் அளவு. நீங்கள் வாங்கியது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட 18650 என்ற வகையாகத்தான் இருக்கவேண்டும். பழைய மடிகணினியிலும், பெடியள் ஊதுகிற சில இ-சிகரெட்டுகளிலும் இருப்பதும் இதுதான். நல்ல கம்பனிகள் செய்வதே பெரும்பாலும் 3,500ஐச் சுற்றித்தான் நிற்கிறது. அந்தப் பருமனுள்ள பற்றரியில் 9900 என்பது நடக்காத காரியம். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் செயலை அதே சட்டத்தின் 30ஆம் பிரிவும், பொய்யான விவரம் சொல்லி விற்பதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. முறைப்பாட்டில் இதைத் தனிப் பந்தியாக எழுதுங்கள், லேபலின் படத்தையும் இணையுங்கள். என் அனுபவத்தில் கடைக்காரர்கள் இறங்கி வருவது இப்படியான இடத்தில்தான். ஒரு ரோச்சை மாற்றிக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிதில்லை. கடையிலுள்ள மிச்சப் பெட்டிகளை அதிகாரிகள் வந்து புரட்டிப் பார்ப்பதைத்தான் அவர்கள் விரும்புவதில்லை.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, பில்லின் இரண்டு பக்கப் பிரதியோடு கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தில் அதிகார சபைக்குப் பொறுப்பான அலுவலரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வரவேண்டாம். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேட்கலாம், ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. விசாரணையில் கடைக்காரரையும் கேட்பார்கள். உங்கள் பக்கம் சரியென்று கண்டால் மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடுவார்கள். கட்டளையை மீறினால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் மூலம் குற்றப்பணம் போல அறவிடலாம்.

வயல் நட்டம் கடினம். சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி விற்பவரை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். நீங்கள் யானைக் காவலுக்கென்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் ரோச் எரிந்திருந்தால் யானை திரும்பிப் போயிருக்கும் என்று நிரூபிப்பது யார்? வெளிச்சத்தைக் கண்டும் அசையாமல் நின்று மேய்கிற யானைகளை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கென்று வழக்குப் போனாலும், இந்தளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடுதான் நீதிமன்றப் படி ஏறலாம். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேசமுடியாது, ஆகவே எனக்கும் அங்கே வேலை இல்லை. என்னைக் கேட்டால், அந்த நட்டத்துக்குக் கடைக்காரரைத் துரத்துவதைவிட கமநல சேவை நிலையத்துக்குப் போவது மேல். நெற்பயிர்க் காப்புறுதி யானைச் சேதத்தையும் கவனிக்கிறது. மிதித்த இடத்தை உழுது மூடுவதற்கு முன்னர் கிராம அலுவலருக்கும் அறிவித்து, கால்தடம் தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

ரோச்சை விசாரணைக்குக் கொண்டுபோகும்போது பற்றரிகளைக் கழற்றி, முனைகளில் ரேப் ஒட்டித் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். சில்லறைக் காசோடும் திறப்போடும் ஒரே பொக்கற்றில் போடவேண்டாம். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று கடையில் கேட்டால், ரோச்சையும் அ, ஆ குறியிட்ட இரண்டு பற்றரிகளையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள்.